இடம், இடம், இடம்

வெல்டாவின் வண்டி வலப்பக்கம் திரும்பாது.
இரவல் கேட்டு வருகிறவர்களிடம்
முதலில் இதைத்தான் சொல்வேன்.
நேராகப் போகும். இடம் திரும்பும்.
சருகு, விறகு, எரு, எதையும் சுமக்கும்.

எஞ்சின் ஒரு செத்த புல்வெட்டியினுடையது.
பழைய சொந்தக்காரன் உதைத்தே கொன்றிருக்கிறான்:
உறையில் பூட்ஸ் முனையின் குழி.
சக்கரங்கள் ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த
இரண்டு சக்கர நாற்காலிகளிலிருந்து.
தட்டு, குளிர்பெட்டியின் மூடி.
வெயில் ஏறினால் இன்னும் மீன் வாடை வரும்.
இருக்கை மட்டும் புதிது,
அதாவது பள்ளிப் பேருந்திலிருந்து கழற்றி
பதினோரு வருடம்தான் ஆகிறது.

சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
பீட்கிழங்குச் சாறு நாறும் உடுப்போடு வந்து
ஆறு மணிக்கு வெல்டிங் முகமூடி மாட்டுவாள்.
கொட்டகைச் சன்னலில் நீல வெளிச்சம் துடிக்கும்.
நான் முட்டை பொரித்தபடி
அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அன்றைக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கியதில்
ஸ்டியரிங் கம்பியை ஒரு விரல்கடை
குட்டையாக ஒட்டிவிட்டாள்.
"அறுத்துவிட்டு மறுபடி ஒட்டேன்" என்றேன்.
கையுறையைக் கழற்றி
ஒட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.
செதில் செதிலாய், சீராய், ஒரு பிசிறு இல்லை.
"நான் இதுவரை போட்டதிலேயே நல்ல ஒட்டு இது, ருடால்ஃப்.
அறுக்க மாட்டேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இவள் யாரையும் குறை சொல்லவில்லை.
கூடத்தைக் கோணலாக்கினாள்.
வேலியின் மூலையை வெட்டி எடுத்தாள்.
விறகடுக்கை மேற்கே தள்ளினாள்.
துணிக்கொடிக் கம்பத்தை நானே பிடுங்கிக் கொடுத்தேன்.
ஜூன் முடிவதற்குள் எங்கள் புல்லில்
நத்தை ஓடு போல் தடம் விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆர்லின்
தவணையில் வாங்கிய பச்சை வண்டியில்
வலமும் இடமும் திரும்பிக் காட்டுவார்.
"உன் மனைவிக்கு ஒரு மரை கழன்றிருக்கிறது."
"ஒன்றா? காபி டப்பா நிறைய இருக்கிறது.
அளவு சொல்லும்."
செப்டம்பரில் சொன்னார். கதவைத் தட்டி,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு:
எட்டில் மூன்று அங்குலம், நெருக்கமான மரை.

அக்டோபரில்
பீட் லாரிகள் இரவெல்லாம் உறுமும் வாரத்தில்
யாரோ வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள்.
கொட்டகை திறந்து கிடந்தது.
வாசலில் அந்த வருடத்தின் முதல் பனி.
ஷெரீப் ஆபீசுக்குப் போன் செய்யப் போனேன்.
வெல்டா ஆறிய காபியைக் குடித்து முடித்தாள்.
"பொறு. எவ்வளவு தூரம் போயிருப்பான்?"

தடம் பிடித்து நடந்தோம்.
அவனுக்கு வேண்டியிருந்தது நெடுஞ்சாலை.
அது வலப்பக்கம்.
லூத்தரன் கோயில் முனையில் முயன்றிருக்கிறான்:
பனி கீறிக் கிடந்தது, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்,
பத்தடி போய் மறுபடி இடம்.
தானியக் கிடங்கு முனையில் இடம்.
அங்கே இறங்கி உதைத்திருக்கிறான்.
அந்த எஞ்சினுக்கு அது புதிதில்லை.
ஆர்லின் வீட்டுத் திருப்பத்தில் இடம்.

எங்கள் பின்வேலியில்,
வெல்டா வெட்டி எடுத்த அந்த மூலையில்,
வண்டி நின்றது. தலையை உள்ளே நீட்டியபடி.
பெட்ரோல் கால் டாங்க் மிச்சம்.
அங்கிருந்து காலடிகள் மட்டும்
வலப்பக்கம் திரும்பிப் போயிருந்தன.
கம்பியின் நட்டுகளைக் கழற்றப் பார்த்திருக்கிறான்,
பாதி முனை மழுங்கியிருந்தது.
ஒட்டு அப்படியே.

நான் காலடிகள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் வயதுக்காரனின் அளவு பூட்ஸ்,
ஒரு குதிகால் தேய்ந்தது.
தட்டில் ஒரு ஸ்பானர் கிடந்தது.
எங்களுடையது இல்லை.
வெல்டா எடுத்து, ஊதி,
வெளிச்சத்தில் எண்ணைப் படித்தாள்.
பதினாறில் ஒன்பது.
"இது நம்மிடம் இல்லாத அளவு" என்று
பையில் போட்டுக்கொண்டாள்.