துருசு

ஆவணி நடுவில் நாவல்மோட்டைக் குளம்
பச்சைப் பெயின்ற் ஊற்றினதுபோலக் கிடந்தது.
கட்டில் நின்று மணந்து பார்த்தேன்:
ஈரச் சாக்கு, மண்புழு, கொஞ்சம் செப்புக்காசு.
போத்தலை அமிழ்த்தி எடுக்கையில்
கையுறைக்கு மேலால் மணிக்கட்டு கடித்தது.

"துருசு போட்டால் ஒரு இரவில் செத்துப்போகும்"
என்றார் மீன்பிடிச் சங்கத்து அருள்ஞானம்.
எங்களுக்குத் துருசு இரண்டு.
ஒன்று வயலுக்கு நீர் திறக்கும் கதவு,
மற்றது நீலக் கல்.
இரண்டையும் தொடவேண்டாம் என்றேன்.
உயிரோடு உள்ளவரை பாசி
தன் நஞ்சைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே வைத்திருக்கும்.
கொன்றால் எல்லாம் நீருக்கு.
அவர் வலையைப் பார்த்தார், பிறகு என்னை.
"அப்ப சும்மா இருக்கச் சொல்லுறியளோ?"

கொதிக்க வைத்தாலும் போகாது.
இதைச் சொல்லத்தான் நாக்கு எழும்பவில்லை.
முகாமில் லைனில் நின்று
'கொதித்தாறிய நீர்' என்று மனப்பாடம் செய்த சனம்.
கேத்திலை அடுப்பால் இறக்காமலே
ரஜிதமலர் கேட்டாள்:
"நெருப்புக்கு அடங்காததை வேற என்ன அடக்கும்?"

கிளிநொச்சியில், கதவு சரியாகப் பூட்டாத அலுமாரிக்குள்
ஈயத்தாள் சுற்றிய இரண்டு போத்தல்கள்.
ஒன்றில் கொதித்தாறிய குளத்து நீர்.
மற்றதில் அதே நீர் உயிரோடு,
அடிச்சேறு ஒரு கரண்டி கலந்து.
இரண்டிலும் ஒரே அளவு நஞ்சு.
முதலாம் நாள் குறையவில்லை.
இரண்டாம் நாள் குறையவில்லை.
மூன்றாம் நாள் கரண்ட் இல்லை.
நான்காம் நாள் நான் எழுதிய எண்ணை
மேலதிகாரி வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டார்.

பெயர் வைக்காத ஏதோ ஒரு கிருமி
அந்தச் சேற்றுக்குள் இருந்து
இதைத் தின்னும் பல்லை
மெல்ல மெல்ல முளைக்க வைத்துக்கொண்டிருந்தது.

ஏழு கண்ணி கோத்த வளையம் அந்த நஞ்சு.
சூடு அதை ஆட்டும், அறுக்காது.
கிருமி ஒரேயொரு இடத்தில் வெட்டுகிறது.
வளையம் நூலாகிறது.
நூலுக்கு ஈரலைப் பிடிக்கத் தெரியாது.

ஒன்பதாம் நாள் சேற்றுப் போத்தலில்
கருவிக்கு அகப்பட எதுவும் மிச்சமில்லை.
கொதித்தாறியதில்
வைத்தது வைத்தபடி.

சந்தேகத்தில் இன்னொரு துளி நஞ்சு விட்டேன்,
அதே சேற்றுக்கு.
இம்முறை விடிவதற்குள் முடித்திருந்தது.

கடதாசியோடு கட்டுக்குப் போனேன்.
தண்ணிப் பவுசரைச் சுற்றி வாளிகள்,
ரஜிதமலரின் வாளியில் பழைய குண்டூசி ஓட்டை,
அதில் சவர்க்காரம் அப்பி அடைத்திருந்தாள்.
"சேறோ?" என்று மட்டும் கேட்டாள்.

அருள்ஞானம் முழுக்கக் கேட்டுவிட்டு
தோணி விளிம்பைச் சுரண்டியபடி சொன்னார்:
"தண்ணிக்குச் சரி, பிள்ளை.
யப்பான் மீனின்ர வயித்துக்குள்ள போனதை
ஆர் வெட்டுறது?"

அதற்கு நான் போத்தல் வைத்திருக்கவில்லை.