ஆறு நிமிட நடை

வாலிநோக்கத்தில்
புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கட்டிடம்.
புயல் இல்லாத செவ்வாயும் வெள்ளியும்
எங்கள் ஏழு பேருக்கு.
முப்பது மீட்டர் வராந்தா.
இந்த முனைக்கு ஒரு நாற்காலி, அந்த முனைக்கு ஒன்று.
சுற்றிவர வேண்டியது அதைத்தான்,
சாமியை அல்ல.

பெமினா என் விரலில் கிளிப்பை மாட்டுகிறாள்.
எண் வரவில்லை.
பேத்தி பூசிவிட்ட ஊதா நகப்பாலிஷை
பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுகிறாள்.
எண்பத்தெட்டு.
பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கு.
அவள் முகம் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"மூக்கால ரெண்டு எண்ணி இழுங்க.
உதட்டைக் குவிச்சு நாலு எண்ணி ஊதுங்க,
சூடு டீயை ஆத்துற மாதிரி."

ஊதுவதற்கு எனக்கா பாடம்?
முப்பத்தொரு வருஷம்
சீமைக்கருவேலத்தை அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசித்
தீ வைத்து ஊதி ஊதித்தானே தாயே
இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

மூட்டத்துக்கும் மூச்சு ஓட்டை உண்டு.
வெள்ளைப் புகை வந்தால் விறகில் இன்னும் தண்ணீர்.
நீலம் கண்டால் கரி விளைந்துவிட்டது,
ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.
ஒன்றை விட்டாலும் விடிவதற்குள் சாம்பல்.
ராத்திரி எழுந்து எழுந்து அடைத்திருக்கிறேன்.
எதை எதையெல்லாம் அடைத்தேன் என்று
இப்போதுதான் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

கீழக்கரை அபுதாகிர் காக்கா
சங்கு குளித்தவர்.
"பிடிக்கச் சொல்லு, பிடிக்கிறேன்," என்கிறார்.
"விடச் சொன்னாத்தான் வர மாட்டேங்குது."
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோருக்கும் அதே சிக்கல்,
உள்ளே போனது வெளியே வராமல்
விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது.

முதல் வாரம் பெமினா நோட்டில் எழுதிக்கொண்டாள்:
யாருக்கு என்ன செய்ய ஆசை?
காக்காவுக்கு ஜும்மாவுக்கு நிற்காமல் போக வேண்டும்.
உப்பளத்து வில்லாயுதத்துக்கு
(பீடியை விட்டு அன்றைக்குப் பதினோரு நாள்)
தானே முதுகு தேய்த்துக் குளிக்க வேண்டும்.
நான் சொன்னேன்,
என் மதனியோடு ஒரு முழுச் சண்டை,
நடுவில் மூச்சு வாங்காமல்.
பேனாவை எடுத்தவள் என்னைப் பார்த்தாள்.
அப்புறம் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கு நூற்று எண்பத்தாறு மீட்டர்.
இரண்டு தடவை சுவரில் சாய்ந்தேன்.
சாயலாம், நிற்கலாம், கடிகாரம் நிற்காது
என்பது மட்டும்தான் சட்டம்.
இரண்டுக்கு இழு, நாலுக்கு ஊது.
தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கு.
உட்கார், எழு, உட்கார்.
ஜன்னலுக்கு வெளியே கடல்
யாரும் எண்ணிச் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது.
அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை எனக்கு,
கொஞ்ச நாள்.

எட்டாவது வாரம்
இருநூற்று ஐம்பத்திரண்டு.
அன்று சாயங்காலமே கிளம்பினேன்
முத்திருளாயி வீட்டுக்கு.
குடிதண்ணீர்த் தொட்டியடியில் ஒரு நிறுத்தம்,
உடைமரத்தடியில் ஒன்று.
கடைசி மூட்டத்துக் காசில்
என் பங்கு ஆயிரத்து நானூறு.
கதவு திறந்ததும் ஆரம்பித்து
வட்டி, வண்டிக்கூலி, அவள் அண்ணன்காரன் யோக்கியதை வரைக்கும்
ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தேன்.

அவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள்.
"ஏண்டி" வந்தது.
அதற்கு மேல் வரவில்லை.
நிலையைப் பிடித்த கை நடுங்கியது,
கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.
அவளும் நானும் நின்றது
ஒரே மூட்டத்தின் இரண்டு பக்கம்.
காற்று திரும்பும்போதெல்லாம்
புகை ஆளுக்குப் பாதி.

"உக்காரு.
முழங்கையை முட்டியில ஊனு.
உதட்டைக் குவி."

ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில்
என்னைத் திட்டினாள்.
நான் நாலு வரைக்கும் எண்ணினேன்.

பாக்கி ஆயிரத்து நானூறு
அப்படியே இருக்கிறது.