ஐம்பத்துநான்கு கிலோ

செவ்வாய்க்கு இரண்டு வழி போட்டிருந்தேன்.
காலை ஆறரைக்கு மட்டக்களப்பு ஓடுபாதையிலிருந்து
நான்கு இருக்கை விமானம், முப்பத்தைந்து நிமிடம்.
பத்து மணிக்குக் காயான்கேணியிலிருந்து
கண்ணாடி அடித்தளப் படகு, வாசுகரனுடையது.
‘முதலில் மேலிருந்து, பிறகு அருகிலிருந்து’ என்று
விளம்பரத் தாளில் எழுதியவள் நான்தான்.
இரண்டையும் பார்க்காமலே எழுதினேன்.
படகில் குனிந்தால் எனக்குக் குமட்டும்,
பறக்கக் காசு கேட்பார்கள்.

திட்டம் என்றால் பெரும்பாலும் கட்டங்கள்.
பெயர், கடவுச்சீட்டு, சைவமா, நீச்சல் தெரியுமா,
நிறை.
நிறையில் எல்லோரும் மூன்று கிலோ குறைப்பார்கள்.
நான் ஐந்து கூட்டி எழுதுவேன்.
கச்சான் எழும்ப முன்னர் விமானம் திரும்பவேண்டும்,
எழும்பினால் கடல் கலங்கி
படகுக் கண்ணாடியில் தேநீர்தான் தெரியும்.
ஆறரை, பத்து.
இந்த இரண்டு எண்களுக்கிடையில்
மூன்று வருடமாய்ப் பிழைக்கிறேன்.

அன்றைக்கு மூவரில் ஒருவருக்கு
முந்தின இரவு இறால் ஒத்துக்கொள்ளவில்லை.
விமானி தில்ருக் இறக்கையின் கீழே நின்று
உடைந்த தமிழில் சொன்னார்:
பின்னால் இடதுபக்கம் பாரம் வேணும்,
மணல்மூட்டை இருந்தால் தாங்க,
இல்லாட்டி நீங்க வாங்க.
ஐம்பத்துநான்கு, என்றேன்.
அவர் ஐம்பத்தொன்பது என்று எழுதினார்.

வாவியைத் தாண்டி, ஏறாவூர் கூரைகளைத் தாண்டி,
வாழைச்சேனைக் காகித ஆலையின் புகைபோக்கி
நான் படித்த பள்ளிக்கூடத்தைவிடச் சின்னதாகி,
கல்குடா வளைவில் விமானம் சரிந்தது.
கண்ணை மூடவில்லை.
பாரத்துக்கு வந்தவள் மூடினால் என்ன,
அதுவும் செய்யவில்லை.

பவளம் என்றால் சிவப்பு என்றுதான்
இத்தனை நாளும் விற்றேன்.
கீழே பழுப்பு.
வேட்டியில் சிந்தி, துவைத்தும் போகாத
வெற்றிலைக் கறை.
அதன் மேல் அங்கங்கே தேமல்.
தேமல் எதனால் என்று எனக்குத் தெரியும்,
போன சித்திரையில் தண்ணீர் சுட்டது,
வாசுகரன் சொன்னான், நான் தாளில் போடவில்லை.
‘இதுதானா?’ என்றார் முன்னால் இருந்தவர்.
ஓம், இதுதான்.

பிறகு கோடுகளைக் கண்டேன்.
பாரின் தென்கரையில், ஒரே இடத்தில்,
கோழி கிளறின மாதிரி வெளிறிய கீறல்கள்,
எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி.
எந்தப் புள்ளி என்று யோசிக்கத் தேவையில்லை.
அட்டவணையில் நானே எழுதியது:
பத்து இருபது, நிறுத்தம்,
புகைப்படத்துக்கு இருபது நிமிடம்.
இருபது நிமிடம் நிற்க நங்கூரம் வேண்டும்.
எண்ணினேன். பதினேழில் விமானம் திரும்பிவிட்டது.
நான் பார்க்காத பத்து மணிகள்
அங்கே கல்லில் எழுதிக் கிடந்தன.

இறங்கியதும் அவனுக்கு அழைத்தேன்.
காதில் இன்னும் விசிறி சுற்றியது.
நங்கூரம் போடாதே, என்றேன்.
‘போடாம எப்பிடிக்கா நிப்பாட்டுற?
நீரு வடக்க இழுக்குது.
மிதவை கட்டித் தாங்க,
அடியில சீமெந்துக் கட்டி இறக்கோணும்,
இருநூறு கிலோக்குக் குறையப்படாது.’
முதலாளி இதற்குக் காசு தருவாரா தெரியாது.
தருவார் என்றேன்.

பத்து மணிக்கு அவர்கள் போனார்கள்.
நிற்காமல், பாரைச் சுற்றி மெதுவாக,
படங்கள் எல்லாம் அசைந்து விழுந்ததாம்.
ஒருவர் பாதிக் காசைத் திருப்பிக் கேட்டார்.
கொடுத்துவிட்டு, கணக்கில் எங்கே எழுதுவதென்று
நெடுநேரம் இருந்தேன். கடைசியில்
‘இதரச் செலவு’.

பின்னேரம் வாசுகரன் மறுபடி அழைத்தான்.
மிதவை பற்றித்தான் என்று நினைத்தேன்.
‘அக்கா, மேல இருந்து பாக்கக்க
என்ட படகு தெரிஞ்சதா?
போன கிழமைதான் மஞ்சள் அடிச்சன்.’
தெரிந்தது, என்றேன்.
கரையில், வலைகளுக்குப் பக்கத்தில்,
ஒரு மஞ்சாடி அளவு.
மஞ்சாடி சிவப்பெல்லோ, என்றான்.