இடது, வலது

மாத்திரைக் கூட்டைத் திருகித் திறந்தால்
உள்ளே கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள்.
நூற்று நாற்பத்திரண்டு.
கறுப்புத் தட்டில் கொட்டி
புருவம் பிடுங்கும் இடுக்கியால்
ஒவ்வொன்றாய்த் தள்ளி எண்ணுகிறேன்.
ஸீட்ஸே தும்மினால்
மறுபடி ஒன்றிலிருந்து.

பதினொரு வருஷம் விழுங்கியதெல்லாம்
ஒரே மிடறில்.
வெளியேறுவது மட்டும்
எண்ணி எண்ணி.

என் வேலை பாலம் திறப்பது.
ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கால்வாய்,
அதன் மேல் என் கண்ணாடிக் கூண்டு.
படகு வந்தால் மணியடித்து, தடுப்பை இறக்கி
சாலையைத் தூக்கி நிறுத்துவேன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன முதல் விதி:
இடது பார், வலது பார், மறுபடி இடது.

அந்த விதிதான் இப்போது என் உயிரை வாங்குகிறது.
கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் போதும்,
மண்டைக்குள் ‘ஸ்ஸிக்’.
ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டதுபோல்.
வலி இல்லை.
வலி என்றால் சொல்ல ஒரு சொல்லாவது இருந்திருக்கும்.
ஓடுகிற படத்தில் யாரோ
நாலு துண்டு வெட்டியெடுத்த மாதிரி:
கால்வாய். பிறகு பாய்மரம்.
நடுவில் நான் எங்கே போயிருந்தேன்?

ஆகவே கழுத்தோடு திரும்பக் கற்றுக்கொண்டேன்,
ஆந்தை மாதிரி.
சைக்கிளில் கடக்கும் பிள்ளைகள்
கூண்டுக்காரிக்குத் திமிர் வந்துவிட்டது
என்று நினைத்திருக்கலாம்.

பிப்ரவரியில் பொறுமை போயிற்று.
எழுபதிலிருந்து இருபதுக்கு
ஒரே வாரத்தில் குதித்தேன்.
மூன்றாம் நாள்
வெண்ணெய் விளம்பரத்துப் பசுவைப் பார்த்து அழுதேன்.
நாலாம் நாள்
நன்றி என்று கையசைத்த சரக்குப் படகுக்காரரை
ஒலிபெருக்கியில் திட்டினேன்.
அன்றிரவு போர்வை பிழியும் வியர்வை.
கனவில் செத்துப்போன அப்பா பல் டாக்டராகி
என் வாய்க்குள் கால்வாய் வெட்டினார்.
அதற்கடுத்த காலை யில்டௌ
ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தபடி,
நிமிராமலே கேட்டாள்:
அம்மா, பழையது திரும்பி வந்துடுச்சா?

பனிமூட்டத்தில் ஒரு வெளிச்சம்.
வருகிற படகா, போகிற படகா?
படகுக்கு அடையாளம் உண்டு.
சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்
என்னை நோக்கி வருகிறது.
வெள்ளை ஒன்று மட்டும் என்றால் அது முதுகு.
என் தலைக்குள் மினுங்குவதற்கு
அப்படி யாரும் விளக்கு மாட்டியிருக்கவில்லை.

டாக்டர் ஹோய்ட்டிங்கா கோபிக்கவில்லை.
தாளைக் கொடுத்து
பழையது எப்படி வந்ததென்று எழுதச் சொன்னார்.
சத்தமில்லாமல், என்று எழுதினேன்.
சுவரில் ஓதம் ஏறுவதுபோல்.
முதலில் உப்பின் ருசியை எடுத்துக்கொண்டது,
அப்புறம் காலைகளை.
மின்னலோடு அது ஒருநாளும் வந்ததில்லை.
இது? என்றார்.
இது மணிகளைக் குறைத்த மூன்றாம் நாள்,
குமட்டலோடு, கதவுகளை அறைந்துகொண்டு.
எழுதி முடித்ததும் நானே சொன்னேன்:
வெள்ளை விளக்கு.
அவருக்குப் புரியவில்லை.

எழுபதுக்கே திரும்பினேன்.
தோற்றவள் முகத்தோடுதான் எண்ணினேன்,
பொய் சொல்வானேன்.
எதிரே ஸீட்ஸே
மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு
மூச்சுக்கூட விடாமல்.

மாதம் ஏழு குறைத்தேன். பிறகு மாதம் மூன்று.
கீழே இறங்க இறங்கப்
படிகள் உயரமாகின்றன.
கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது
முப்பதுக்குக் கீழே வந்தவர்களுக்குத்தான்
நாக்கில் தெரியும்.

ஒரு கோடை போய் மறு கோடை.
பாலக் கட்டணத்துக்கு இங்கே இன்னும்
தூண்டில் கோலில் மரச்செருப்பைக் கட்டி
படகை நோக்கி நீட்டுகிறோம்.
நேற்று அந்தச் செருப்பு ஆடிப்போவதைக்
கண்ணாலேயே தொடர்ந்துவிட்டேன்,
இடமிருந்து வலம்,
கழுத்தைத் திருப்ப மறந்து.
நின்று காத்திருந்தேன்.
வந்தது.
தெரிந்தவர் வீட்டு நாய்
ஒரே தடவை குரைத்துப் படுத்துக்கொள்வதுபோல்.
செருப்புக்குள் இரண்டு யூரோ.

இன்றைக்குத் தட்டில் பன்னிரண்டு.
ஒன்று உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது.
யில்டௌ டார்ச் அடித்துத் தேடுகிறாள்.
ஒன்றுதானேம்மா, விடு, என்கிறாள்.

ஒன்றா, என்கிறேன்
நானும் தரையில் மண்டியிட்டு.