மூச்சு விடட்டும்

முதல் படத்தில் ஜும்பெரின் முதுகெலும்பு இல்லை.
விலா எலும்புகள் இருந்தன,
சாய்த்து நட்ட வேலிக் கழிகள் மாதிரி.
நுரையீரலில் முப்பத்தொரு வருஷத்துச் சுரங்கத் தூசி
கொசகொசவென்று இருந்தது.
அதற்கெல்லாம் பின்னால்
முதுகெலும்பு என்று நான் நம்பிக்கொள்ள வேண்டிய
ஒரு சாம்பல் பட்டை.

எண்பது கிலோவோல்ட், இருநூறு மில்லியாம்பியர்,
நொடியில் பத்தில் மூன்று பங்கு.
சுவரில் ஒட்டிய அட்டவணைப்படி சரிதான்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றேன்.
பிடித்தார்.
வெடி வைத்த புகை அடங்கும்வரை பிடித்துப் பழகியவர்.
உள்ளே அத்தனையும் அசையாமல் நின்று
அத்தனையும் படத்தில் விழுந்தது.
ஒரே நேரத்தில் ஊரே சாட்சி சொல்ல வந்தால்
யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொரு படம் என்றால் இன்னொரு பங்கு கதிர்.
கடன் வாங்குவது நான், கட்டுவது அவர் உடம்பு.
அதனால் பொத்தானைத் தொடாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
சன்னலில் ரோப் கார் ஒன்று ஏறிப் போயிற்று.
கீழே க்விரிலா ஆறு, வழக்கம்போல் கறுப்பாக.

பிறகு குறைத்தேன்.
எழுபது கிலோவோல்ட், இருபது மில்லியாம்பியர்.
நேரத்தை மட்டும் மூன்று நொடிக்கு நீட்டினேன்.
இருநூறைப் பத்தில் மூன்றால் பெருக்கினாலும்
இருபதை மூன்றால் பெருக்கினாலும்
அதே அறுபதுதான்.
அடைமழையாகக் கொட்டாமல் தூறலாகப் பெய்யும், அவ்வளவே.
ஒளிச் சட்டத்தை முதுகுத்தண்டின் அகலத்துக்கு ஒடுக்கினேன்.
சிதறும் கதிர் தட்டில் போய்ப் பிதற்றாமலிருக்க
முதுகுக்குப் பின்னால் ஈயத் துண்டை வைத்தேன்.

"இந்த முறை பிடிக்க வேண்டாம்" என்றேன்.
"சாதாரணமாக மூச்சு விடுங்கள்."

மூச்சு ஏறி இறங்கினால்
விலாக்கள் கலைந்துபோகும், தூசியும் கலைந்துபோகும்.
அசையாதது மட்டும் மிஞ்சும்.

ஆனால் சாதாரணமாக என்று சொன்னதுமே
அவருக்குச் சாதாரணம் மறந்துவிட்டது.
இழுத்தார், நிறுத்தினார்,
கொல்லன் துருத்திபோல் புஸ்ஸென்று விட்டார்.
தோள் எழும்பியது.
"இப்படியா?" என்று திரும்பிப் பார்த்தார்.
மறுபடி படுக்க வைத்தேன்.
மறுபடி அதே துருத்தி.

எத்தேரி கதவைத் திறந்து
அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றாள்.

நான் ஒரு பொய் சொன்னேன்.
"இயந்திரம் சூடாகவில்லை, ஜும்பெர்.
பத்து நிமிஷம் ஆகும். அப்படியே படுத்திருங்கள்."

"ஆகட்டும்" என்றார்.
வாதுமை மரத்தை அண்டை வீட்டான் வெட்டிவிட்டதைப் பற்றி
சுவரிடம் இரண்டு வாக்கியம் சொன்னார்.
மூன்றாவதைத் தொடங்கி விட்டுவிட்டார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
அவர் விலாப்பக்கம் சட்டை உயர்வதையும் தாழ்வதையும் பார்த்தேன்.
ஒன்று.
இரண்டு.
பிறகு அழுத்தினேன்.

வந்தது.
விலாக்கள் வெறும் ஈரக் கறையாகிவிட்டன.
நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு,
ஒவ்வொன்றின் விளிம்பும் பேனாவால் இழுத்ததுபோல்.
எட்டாவது மட்டும் முன்பக்கம் நசுங்கி
ஆப்பு மாதிரி இருந்தது. புதுசு இல்லை, ஆறிப்போனது.

எதையும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை,
டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவராகக் கேட்டார்:
"அடுப்பு தெரிகிறதா?"

"எந்த அடுப்பு?"

"கரண்ட் இல்லாத வருஷம். ரோப் கார் நின்றுபோயிருந்தது.
இரும்பு அடுப்பை முதுகில் கட்டி
மேல் ஊர்வரை படியேறினேன்.
நடுவில் ஏதோ ஒடிந்த சத்தம்.
அடுப்புக் கால் என்று நினைத்தேன்.
வீட்டில் போய்ப் பார்த்தால் நாலு காலும் இருந்தன."

சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

"இயந்திரம் சூடாகிவிட்டதா?" என்றார் பிறகு.

"முடிந்துவிட்டது, போகலாம்."

என்னை ஒரு நிமிஷம் முறைத்தார்.
தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அட்டவணைக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்:
எழுபது, இருபது, மூன்று நொடி.
மூச்சு விடட்டும். சொல்லாதே.

அடுத்த ஆள் உள்ளே வந்தார்,
வரும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டு.