அரைப்பேர்

அட்டன் கடையில் தவணைக்கு எடுத்த
மிதி மிசினை
லயத்து இஸ்தோப்பில் இறக்கியதும்
"சைக்கிளுக்கு மிச்சம் எங்கக்கா?" என்றான்
பக்கத்துக் காம்பரா தவசீலன்.

கதிரையில் இருந்தே மிதிக்கலாமாம்,
முழங்கால் நோகாதாம்.
டிக்கோயா கிளினிக் மிஸ் சொன்னது:
முதல் கிழமைக்கு அஞ்சே நிமிசம்.

அஞ்சு நிமிசமா!
இருபது கிலோ கொழுந்தோடு
ஏழாம் நம்பர் மலை ஏறின காலுக்கு?

நாலாவதில் மூச்சு முட்டியது.

சின்னக் கண்ணாடியில் இலக்கம் ஓடுகிறது
கணக்கப்பிள்ளை மாதிரி.
தண்ணிக்கென்று இரண்டு கிலோ
கழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்றைக்கு அரைப்பேர்.
போட்டது நானே.

மழை இறங்கிவிட்டது.
தவசீலன் இன்னும் போகவில்லை,
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான்.
"நான் ஒருக்கா மிதிக்கவா?"

பொறு தம்பி,
எனக்கு இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு.