வேட்புமனு எண் இருபத்தேழு

ஜூன் மாதத்துத் தில்லி.
வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் வந்ததும்
அவளுக்குத் தும்மல் வந்தது.

நாடாளுமன்றத்தின் அந்த அறையில்
மனு வாங்கி முத்திரை குத்துவது என் வேலை.
அதுவரை இருபத்தாறு பேர்.
ஒருவர் மூன்றாம் முறையாக, பட்டுத் தலைப்பாகையோடு.
ஒருவர் ஜாதகமும் இணைத்திருந்தார்.

பெயர் பச்சையம்மாள்.
கள்ளக்குறிச்சிப் பக்கம்.
நாற்பத்தேழு வயது என்கிறது அட்டை.
என் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் பார்த்து
"நம்மாளு" என்றாள்.
நான் யாருடைய ஆளும் இல்லை என்பதுபோல்
படிவத்தைப் புரட்டினேன்.

"ஆதாயம் தரும் பதவி எதுவும் வகிக்கக் கூடாதும்மா."
"நார்த் அவென்யூல நாலு வீடு. பாத்திரம், தரை.
தீபாவளிக்கு ஒரு சேலை.
அது ஆதாயத்துல சேருமா?"
சேராது என்று நானே முடிவு செய்தேன்.

"முன்மொழிய ஐம்பது பேர்.
வழிமொழிய வேறு ஐம்பது பேர்.
எல்லாரும் எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ."
அவளிடம் ஒன்று இருந்தது.

நாலு வீட்டு ஐயாக்களில்
ஒருவர் தொகுதிக்குப் போயிருந்தார்.
ஒருவர் தூக்கம்.
ஒருவர் சிரித்தார், சிரித்துப் புரையேறி
இவள்தான் வெந்நீர் கொடுத்தாள்.
நாலாமவர் போட்டுவிட்டார்,
பால் கணக்கென்று நினைத்து.

எதற்கம்மா இதெல்லாம்?
கேட்டிருக்கக் கூடாது. பின்னால் வரிசை நின்றது.

முந்தானையிலிருந்து எடுத்தாள்
நாலாக மடித்த ஒரு நோட்டீஸ்.
பாலத்தடி முகாம், நூற்றெழுபது குடிசை,
காலி செய்ய வேண்டிய தேதி.
அடியில் இந்தியில் ஒரு வரி:
குடியரசுத் தலைவர் சார்பாக.

"அவரப் பாத்து ஒரு வார்த்தை கேக்கலாம்னு போனேன்.
கேட்டுலயே நிறுத்திட்டாங்க.
யாருன்னாலும் பாக்க முடியாதாம்.
சரி, பாக்கத்தான் முடியாது,
ஆவலாமான்னு கேட்டேன்.
முப்பத்தஞ்சு வயசானா
யாரு வேணா ஆவலாம்னு
அந்தப் போலீஸ்காரத் தம்பிதான் சொல்லிச்சு."

வைப்புத்தொகை பதினைந்தாயிரம்.
அரிசிப் பையிலிருந்து கொட்டினாள்.
பத்தும் இருபதுமாய், நாணயமுமாய்,
எண்ண நாற்பது நிமிடம்.
பத்து ரூபாய் குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.
பிறகு என் சட்டைப்பையிலிருந்து ஒன்றை
கட்டுக்குள் செருகினேன்.
நடத்தை விதிகளில் இது எந்தப் பிரிவென்று
இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை.

பரிசீலனை நாள்.
வேட்பாளர்கள் உட்காரலாம் என்பது விதி.
உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில்,
இரண்டு கட்சிகளின் வழக்கறிஞர்களுக்கு நடுவே.
அதிகாரி வாசித்தார்.
'ப'வும் 'ச்சை'யும் அவர் நாக்கில் புரளவில்லை.
பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றாள்.
நிற்கத் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

முன்மொழிந்தோர் ஒருவர். வழிமொழிந்தோர் இல்லை.
நிராகரிக்கப்படுகிறது.
பதினெட்டு விநாடி.

பணம் திரும்பக் கிடைக்கும் என்றேன்.
பத்து ரூபாயை அப்போதே நீட்டினாள்,
ஆட்டோவுக்கு வைத்திருந்தது.
"எண்ணும்போது பாத்தேன்" என்றாள்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.
"அடுத்தது அஞ்சு வருசம் கழிச்சா?"
ஆமாம்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
"நூறு கையெழுத்து.
மாசத்துக்கு ரெண்டுகூட இல்ல."

அதற்குள் எம்.பி.க்கள் மாறிவிடுவார்கள்,
வீடுகள் மாறும், பால் கணக்கும் மாறும்.
சொல்லவில்லை.
வாக்காளர் பட்டியல் நகல் ஒன்று
மனுவோடு வைக்க வேண்டும், அதில்
கதவு எண் இருக்க வேண்டும்,
அதையும் சொல்லவில்லை.

புதுப் படிவம் ஒன்று கேட்டாள்.
கொடுத்தேன்.
நோட்டீஸை மடித்த அதே மடிப்பில் மடித்தாள்.

அதிலிருந்த தேதிக்கு
இன்னும் பதினோரு நாள்.